எட்டில் ஐந்து பங்கு வானம்

பூமாரி: மொதல்ல தலையத் துவட்டுங்க. இந்தாங்க துண்டு. பீச் ஸ்டேஷன்லேர்ந்து நடந்தா வந்தீங்க?

வெள்ளத்துரை: ஜட்கா வண்டிக்காரன் ஒருத்தனும் கல்மண்டபம் பக்கம் வரமாட்டேன்னுட்டான். ரோடெல்லாம் முழங்கால் தண்ணி… பாப்பா எங்க?

பூமாரி: தூளியில. மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் கண்ண மூடிச்சு.

வெள்ளத்துரை: பட்டுப் பாவாட போடலியா? இன்னிக்குக் காது குத்துற புள்ள பழைய கவுனோட தூங்குது?

பூமாரி: தூங்குற புள்ளைக்கு எப்படிப் போடுறதாம்? நீங்க வேணா போட்டுப் பாருங்க. எழுந்து கத்தும். அப்பால நீங்களே தோள்ல போட்டுகினு நடங்க.

வெள்ளத்துரை: சரி, சரி… வூடு இன்னா இப்படி வெறிச்சோடிக் கீது? உங்க சித்தப்பா வூட்டு ஜனமெல்லாம் எங்க?

பூமாரி: மழ வுட்டதும் வருவாங்க.

வெள்ளத்துரை: காது குத்துற பத்தர்?

பூமாரி: பத்தருக்கு இன்னா அவசரம்? தாய்மாமன் மடி வந்தாத்தானே ஊசி வரணும்? காபி குடிக்கிறீங்களா?

வெள்ளத்துரை: வேணாம்… இல்ல, குடு.

பூமாரி: வேணாமா, குடுவா?

வெள்ளத்துரை: குடு. அது கெடக்கட்டும், உன் பொடவ ஏன் சொட்டச் சொட்ட நனைஞ்சு கீது?

பூமாரி: மாடில துணி எடுக்கப் போனேன்.

வெள்ளத்துரை: ரெண்டு நாளா மழ ஊத்துது. மாடில எவ துணி காயப் போடுவா?

பூமாரி: எங்கூட்டுக்காரர் ராத்திரி டூட்டிக்குப் போயிட்டா எனக்குப் புத்தி மாறிடுது. போதுமா? காபிய ஆற வுடாதீங்க… ம். இப்பச் சொல்லுங்க. அண்ணன் வர்ற பிளேன் இன்னாச்சு?

வெள்ளத்துரை: கொழும்பு பிளேனா?

பூமாரி: இல்ல, நெலாவுக்குப் போற பிளேன்.

வெள்ளத்துரை: வரும்… மழக்காலம்ல. கொஞ்சம் முன்ன பின்ன ஆவும்.

பூமாரி: நீங்க மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுலதானே இருந்தீங்க? வானத்தப் பாத்துச் சொல்ற ஆளே நீங்கதானே?

வெள்ளத்துரை: நான் ஒருத்தனா? ஆபீசுல எத்தினி பேரு…

பூமாரி: காலைல பலூன் வுடுறது யாரு?

வெள்ளத்துரை: …நான்தான்.

பூமாரி: அத்த வெச்சுத்தானே எங்கண்ணன் பேரு வெச்சுது. பலூன்காரன். 'திருவொத்தியூர் திருவிழாவுல பலூன் விக்கிறவனுக்கும் இவனுக்கும் இன்னாடி வித்தியாசம்'னு…

வெள்ளத்துரை: மூணு வருஷம் ஆச்சு. இன்னும் வார்த்த மாறாமச் சொல்றே.

பூமாரி: நீங்க சிரிச்சிகினே கேட்டுகினு நின்னீங்க. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. எங்க காலடிப்பேட்ட வூட்டு வாசல்ல, தெருவே பாக்க… அப்பா போனப்புறம் என்னத் தோள்ல தூக்கி வளத்த அண்ணன். கட வெச்சிருக்கற மாப்பிள்ளையாப் பாக்கணும்னு அதுக்கு ஆச. நான் வானத்தப் பாத்துகினு நின்ன ஆளப் புடிச்சிகினேன்.

வெள்ளத்துரை: உன்னையும்தான் பாத்துகினு நின்னேன்.

பூமாரி: ஆமா, மேகம் இல்லாத நாள்ல! …கல்யாணத்துக்கு வரல. பாப்பா பொறந்ததுக்கும் வரல. சித்தப்பா கொழும்புக்கே போயி, கால்ல வுழாத கொறையாக் கேட்டப்புறம்தான், 'சரி, மடி தர்றேன், கம்மலும் நானே கொண்டாரேன்'னுச்சு.

வெள்ளத்துரை: தெரியும் பூமா.

பூமாரி: இன்னிக்கு வர முடியலைன்னா, 'பாத்தியா, வானமே என்ன வேணாம்னுடுச்சு'ன்னு திரும்பிப் போயிடும். அதுக்கு அப்படி ஒரு கொணம்.

வெள்ளத்துரை: …தெரியும்.

பூமாரி: அதான் கேக்குறேன். மேகம் எங்க இருந்துச்சு?

வெள்ளத்துரை: வானத்துல.

பூமாரி: வெளாடாதீங்க! எனக்குப் புரியாதுன்னு நெனைக்கிறீங்களா? கல்யாணமான புதுசுல மாடில படுத்துகினு சொல்லிக் குடுத்தது யாரு? மத்தவங்க பொண்டாட்டிகிட்ட சினிமாக் கத சொல்லுவாங்க, நீங்க பலூன் கத சொன்னீங்க. செவப்பு பலூன்ல கேஸ் அடிப்பீங்க. அது ஒரே வேகத்துல மேல ஏறும். நீங்க கடியாரத்தப் புடிச்சிகினு நிப்பீங்க. எம்மா நேரத்துல மேகத்துக்குள்ள பூந்து மறையுதோ, அத்த வெச்சு மேகத்தோட ஒசரம் தெரிஞ்சுடும். சரியா?

வெள்ளத்துரை: சரி.

பூமாரி: அதுக்குப் பேரு சீலிங்கு. ரூமுக்கு மச்சு போட்டாப்பல, பூமிக்கு மேகம்.

வெள்ளத்துரை: பரவால்லியே… வேலைக்கு எடுத்துக்கலாம் போல கீதே.

பூமாரி: அப்ப இன்னிக்கு எம்மா ஒசரம்?

வெள்ளத்துரை: இன்னிக்கு ரெண்டு மேகம் பூமா. ஒண்ணு நல்லா மேல. மொத்த வானத்தையும் மூடிகினு நின்னுச்சு. அதுக்குக் கீழ பிளேன் தாராளமா வரலாம். அதுக்கும் கீழ இன்னொண்ணு, மழையோட சேந்த கிழிசல் மேகம். பழைய துணியக் கிழிச்சு வுட்டாப்பல… பக்கத்துல இருக்கற பரங்கிமல தலைய ஒரசிகினு போச்சு.

பூமாரி: கிழிசல்தானே? நடுவுல சந்து இருக்கும்ல?

வெள்ளத்துரை: இருந்துச்சு.

பூமாரி: அது வழியா எறங்கலாமே!

வெள்ளத்துரை: அதுக்குத்தான் ஒரு கணக்கு கீது. வானத்த எட்டுப் பங்காப் பிரிக்கணும். கீழ் மேகம் நாலு பங்கு வரைக்கும், அதாவது பாதி வானம் வரைக்கும் இருந்தா, அத்த நாங்க சீலிங்குன்னு சொல்ல மாட்டோம். மேல இருக்கறதுதான் சீலிங்கு. பிளேன் வரலாம். பாதியத் தாண்டிடுச்சுன்னா கீழ இருக்கறதே சீலிங்கு. வரக் கூடாது.

பூமாரி: தாண்டிச்சா?

வெள்ளத்துரை: …இன்னொரு வாய் காபி இருக்கா?

பூமாரி: பேச்ச மாத்தாதீங்க. சரி, கீழ வரக் கூடாதுன்னா மேகத்துக்கு மேல ஏறிச் சுத்திகினு இருக்கட்டும். மழ நின்னதும் எறங்கட்டும். இன்னா இப்ப?

வெள்ளத்துரை: டகோட்டா பிளேனுக்கும் ஒரு உச்சி கீது புள்ள. மேல போகப் போகக் காத்து மெலிசாயிடும். ரெக்கைக்குப் புடிமானம் கெடைக்காது, இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அந்த உச்சிக்குப் போயிட்டா, எம்மா முறுக்கினாலும் அதுக்கு மேல ஏறாது. பிளேனோட சீலிங்குன்னு அத்தச் சொல்லுவாங்க. இன்னிக்கு மழ மேகத்தோட தல அதையும் தாண்டி நின்னுச்சு. அப்படியே எங்கியாவது ஏறிட்டாலும்… பெட்ரோல் தீந்தா எறங்கித்தானே ஆவணும்?

பூமாரி: மேலயும் போக முடியாது. கீழயும் வர முடியாது.

வெள்ளத்துரை: ம்.

பூமாரி: எங்கண்ணன் நெலமதான். கோவத்துல எம்மா தூரம் ஏறும்னு பாத்துகினே இருந்தேன். மூணு வருஷத்துல அதுக்கும் ஏற முடியல. எறங்குறதுக்கு எடம் தெரியாமச் சுத்திகினு இருந்துச்சு… இன்னிக்குத்தான் எறங்கலாம்னு வந்துச்சு.

வெள்ளத்துரை: பூமா…

பூமாரி: இன்னா?

வெள்ளத்துரை: ஒண்ணு சொல்லணும்.

பூமாரி: இருங்க, பாப்பா அசையுது. ஜோ… ஜோ… ஜோ… ம். சொல்லுங்க.

வெள்ளத்துரை: கீழ் மேகம் நாலா, அஞ்சான்னு… எனக்கே பேஜாராப் போச்சு. மொதல்ல பாத்தப்ப நாலு மாதிரிதான் இருந்துச்சு.

பூமாரி: நாலுன்னா வரலாம்.

வெள்ளத்துரை: வரலாம். யாரும் கேக்கப் போறதில்ல. மழைல என்னத் தவிர ஒருத்தரும் வெளிய இல்ல. கொழும்பு பிளேன் கிட்ட வந்துடுச்சு, ஜல்தி சொல்லுன்னு உள்ளேர்ந்து கத்துறாங்க. நான் இன்னா சொல்றனோ அத்தத்தான் ரேடியோவுல பைலட்டுக்கு அனுப்புவாங்க.

பூமாரி: ம்… அப்பால?

வெள்ளத்துரை: உன் மொகம்தான் கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு. நாலுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு பூமா. கண்ணத் தொடச்சிகினு மறுபடி மேல பாத்தேன். இன்னொரு பலூன் வுட்டேன். ஏறுன கொஞ்ச நேரத்துல மேகம் அத்த முழுங்கிடுச்சு. திரும்பினா, பரங்கிமல இருந்த எடமே தெரியல.

பூமாரி: அப்ப…

வெள்ளத்துரை: அஞ்சு.

பூமாரி: ம்.

வெள்ளத்துரை: அஞ்சுன்னு சொன்னேன். பிளேனத் திருச்சிக்குத் திருப்பிட்டாங்க… சத்தம் மட்டும் கேட்டுச்சு. உங்கண்ணன் என் தலைக்கு மேல வரைக்கும் வந்துட்டாரு பூமா. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்.

பூமாரி: இத்த எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க?

வெள்ளத்துரை: ஜட்கா கெடச்சுது. நான்தான் ஏறல. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிகினே நடந்து வந்தேன்.

பூமாரி: அதானே பாத்தேன்! மழைன்னா ஜட்காக்காரனுக்குக் கொண்டாட்டமாச்சே, எவன் வரமாட்டேம்பான்னு.

வெள்ளத்துரை: திட்டணும்னா திட்டிடு. இந்நேரம் திருச்சி ஜங்ஷன்ல நின்னுகினு இருப்பாரு. அங்கேர்ந்து ஒரு ரயில் எழும்பூருக்கு வருது, ஒரு ரயில் தனுஷ்கோடிக்குப் போவுது. அதுல ஏறி, கப்பலப் புடிச்சுக் கொழும்புக்கே போயிட்டாருன்னா… எம் பொண்ணுக்கு மாமன் மடி இல்லாமப் பண்ணது நான்தான்.

பூமாரி: கம்முனு இருங்க. எனக்காவ ஒரு பங்கு கொறச்சுச் சொல்லியிருந்தீங்கன்னா… அந்த ஒரு பங்குலதானே பரங்கிமல இருந்திருக்கும்?

வெள்ளத்துரை: …அழுவுறியா?

பூமாரி: மழத் தண்ணி.

வெள்ளத்துரை: வூட்டுக்குள்ளயா?

பூமாரி: உசேன் பாய் கடைக்குப் போயிட்டு வந்தேன்ல, தல இன்னும் காயல.

வெள்ளத்துரை: மாடிக்குப் போனேன்னு சொன்னே? பாய் கடைல உனக்கு இன்னா வேல?

பூமாரி: போன் வந்துச்சு. பாய் சம்சாரம் சாபிரா அக்கா ஓடியாந்து கூப்புட்டாங்க. திருச்சிலேர்ந்து.

வெள்ளத்துரை: …இன்னா சொன்னாரு?

பூமாரி: எடுத்ததும் இருமிச்சு. எங்கண்ணனுக்கு அழுவ வந்தா இருமல்தான் வரும். அப்பால, 'இன்னிக்கே ரயில் ஏறுறேன். காலைல எழும்பூர்ல மாப்ளய வந்து நிக்கச் சொல்லு. பாப்பா காதுல வேற எவனும் கை வெக்கக் கூடாது'ன்னுச்சு.

வெள்ளத்துரை: யார வந்து நிக்கச் சொன்னாரு?

பூமாரி: மாப்ளய.

வெள்ளத்துரை: பலூன்காரன்னு சொல்லல?

பூமாரி: நானே கேட்டேன், 'எந்த மாப்ள, அந்தப் பலூன்காரரா'ன்னு. 'சும்மா இருடி… பிளேன்ல என் பக்கத்துல ஒருத்தி கைக்கொழந்தையோட ஒக்காந்திருந்தா'ன்னுச்சு. அதுக்கு மேல பேச முடியல அதுக்கு. மறுபடி இருமல்.

வெள்ளத்துரை: அடிப்பாவி… எல்லாம் தெரிஞ்சிகினேவா இம்மா நேரம் என்னச் சுத்த வுட்டே?

பூமாரி: ஊர் பேர் தெரியாத பைலட்டுக்கு நெசத்தச் சொன்னீங்க. எனக்கும் சொல்றீங்களான்னு பாக்க வேணாமா?

வெள்ளத்துரை: ராட்சசி! …அப்ப, போன் வந்ததும்தான் பத்தரத் திருப்பி அனுப்பிட்டியா?

பூமாரி: இல்லீங்க, போனுக்கு ரொம்ப முன்னாடியே. மாடிக்குப் போனேன்னது பொய்யில்ல. விடிஞ்சதும் பத்தர் வந்துட்டாரு, அவர ஒக்கார வெச்சுட்டு மேல போனேன். பவர் ஹவுஸ் பொகக்கூண்டெல்லாம் தல மறைஞ்சு நின்னுச்சு. மழைல நின்னுகினு, நீங்க சொன்னாப்பலயே வானத்த எட்டாப் பிரிச்சேன். நாலு வரணும், நாலு வரணும்னு வடிவுடையம்மன வேண்டிகினே மறுபடி மறுபடி எண்ணினேன். எனக்கும் அஞ்சுதான் வந்துச்சு. நீங்களும் அஞ்சுன்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும்… கீழ எறங்கி வந்து, பத்தர நாளைக்கு வரச் சொல்லிட்டேன்.