ஒன்பதில் நின்ற ஊர்

கொடைக்கானலில் ஐப்பசி பிறந்துவிட்டால் மசி லேசில் காயாது, ஐயா. ஒரு வரி எழுதி, ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, அடுத்த வரிக்குப் போவதற்குள் நிதானமாக ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். அப்படியும் என் பதிவேட்டில் ஓர் எழுத்தாவது கலங்கியிருக்கிறதா என்று நீங்களே புரட்டிப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அவசரமில்லாமல் சொல்கிறேன். நீங்களும் அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஒலியுல்லா. பழனிக்காரன். பதுருன்னிசாவைக் கட்டிக்கொண்ட பிறகு மலைக்கு வந்தவன். அவளுடைய அண்ணன் கிபாயத்துல்லா கடைவீதியில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். கவுஞ்சி, மன்னவனூர் ஆட்கள் பூண்டையும் கிழங்கையும் அவரிடம் இறக்கிவிட்டு அரிசி ஏற்றிப் போவார்கள். மேல்மலைக்கு அடுப்பு எரிவது அந்த மண்டியை நம்பித்தான்.

மூன்று வாரம் தொடர்ந்து ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று சாவு எண்ணிக்கை வந்ததைப் பார்த்துத்தான் உங்களுக்குச் சந்தேகம் தட்டியது என்றீர்கள். நல்ல கண் உங்களுக்கு. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். உங்களிடம் சொல்லலாம்.

இந்த விஷக்காய்ச்சல் வருவதற்கு முன்பே அது வருமென்று எனக்குத் தெரியும். கீழே மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி என்று ஐந்து ஊர்களில் என்னைப் போலவே பதிவேடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வாராவாரம் ஒரு கார்டில் உங்கள் ஊர் எண்ணிக்கையை எழுதிப் போடுங்கள் என்று கேட்டு வைத்திருந்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, எனக்கு அதில் ஓர் ஆசை. கட்டம் போட்ட தாளில் சிவப்புப் பென்சிலால் கோடு இழுப்பேன். இந்தப் பதினெட்டாம் வருஷம் புரட்டாசியில் மதுரைக் கோடு எழும்பியது. பத்து நாளில் திண்டுக்கல். அப்புறம் வத்தலக்குண்டு. காய்ச்சல் ஊர் ஊராகத் தங்கி மலையேறி வந்துகொண்டிருந்தது. ஐப்பசி இரண்டாம் வாரம் நம் ஊருக்கு வரும் என்று எங்கள் டாக்டரிடம் சொன்னேன். சொன்ன வாரத்தில் வந்தது. அன்றைக்கு எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

எந்த எண்ணிக்கை வந்தால் ரோட்டையும் கடைவீதியையும் அடைக்கலாம் என்று டாக்டர் என்னைக் கேட்டார். கீழூர்க் கோடுகளை வைத்துப் பார்த்து, வாரத்துக்குப் பத்துச் சாவு என்றேன். பத்தைத் தொட்டால் அடைத்துவிட வேண்டியது. அவர் நல்ல மனுஷர், அப்படியே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாம் நாள் அவரே காய்ச்சலில் விழுந்தார். கீழே கொண்டுபோய்விட்டார்கள். உத்தரவும் நானும் மிச்சம்.

ஊரை அடைத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் எலிகள் செத்துக் கிடந்தன. பிளேக் வரும்போது முதலில் எலிதான் விழும். அன்றைக்கே எழுதி அனுப்பினேன். இருபத்தாறு நாள் எல்லாவற்றையும் அடைத்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்த எலிகள் கடைக்காரர் வைத்த மருந்தைத் தின்று செத்தவை. அதற்குள் மேல்மலைக்கு அரிசி போகாமல் பதினோரு உயிர் பட்டினியில் போனது. கவுஞ்சியில் டோலி தூக்குகிற மலைச்சாமியின் மகளும் அதில் ஒன்று. உண்மையை எழுதிப் பதினோரு பேரைக் கொன்றிருக்கிறேன், ஐயா. அதற்கு யாரும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிக்கவில்லை.

ஆகவே பத்து ஆகக்கூடாது. கிபாயத்துல்லா மச்சான் தினமும் அந்திக்கு ஆபீஸ் வாசலில் வந்து நின்று, எத்தனை ஆச்சு என்று கேட்பார். மேல்மலை ஆட்கள் வழியில் பார்த்தால் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பத்து என்று சொன்னவன் நான். அந்த எண்ணுக்குள் நானே போய் மாட்டிக்கொண்டேன். ரோடு பக்கம் போக முடியவில்லை, வீட்டில் உட்கார முடியவில்லை. பனி வேறு மூன்று வாரமாக ஏரியைவிட்டு எழும்பவேயில்லை.

முதல் வாரம் நான்கு, இரண்டாம் வாரம் ஏழு. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமையே எட்டு. ஞாயிறு பொழுது சாயும்போதுதான் வாரக் கணக்கு முடியும். கடைவீதிச் சந்தில் விறகு சுமக்கிற காளியாயி என்கிற பொம்பளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டதாகச் சொன்னார்கள். இன்னும் இரண்டு பேர் அதே நிலையில் கிடந்தார்கள்.

சாவை எழுதுவதற்கு ஒரு விதி உண்டு. ஆள் எந்த ஊர் என்பது கணக்கில்லை, மூச்சு எங்கே நின்றதோ அங்கேதான் எழுத வேண்டும். பூம்பாறைப் பாதையில் நம் ஊர் எல்லைக் கல் இருக்கிறது. அதைத் தாண்டி நூறு கஜத்தில் ஒரு கிழங்குக் கொட்டகை. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகிவிடும் என்று ஜன்னலே வைக்காமல் கட்டியது. அங்கே நடக்கும் சாவு கிராம முன்சீப் எழுத வேண்டியது. அவர் மாதத்துக்கு ஒரு தடவைதான் அனுப்புவார். அந்த மாதம் அவரும் படுத்திருந்தார்.

மலைச்சாமியைக் கூப்பிட்டேன். மோட்டார் ரோடு வந்ததிலிருந்து டோலிக்கு வேலையில்லை. அவனும் அவன் தம்பி நல்லுசாமியும் சும்மா இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "ரோட்ட அடச்சா எங்க ஊரு மறுக்காவும் பட்டினியில போயிரும் ராவுத்தரய்யா. தூக்கிர்றேன்" என்றான். காளியாயியிடம் தனிக் கொட்டகையில் வைத்து வைத்தியம் பார்ப்பதாகச் சொன்னோம். கும்பிட்டாள். போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் அங்கே செத்தாள்.

அடுத்தவர் சுப்புராஜ், சத்திரத்துச் சமையல்காரர். அவரைக் கொண்டு போனபோது எல்லைக் கல்லுக்கு நாலடி இந்தப் பக்கமே உயிர் போய்விட்டது. டோலியோடு திரும்பி வந்து முறைப்படி எழுதினேன். அவர்தான் ஒன்பதாவது. நாலடிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றான் நல்லுசாமி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள் அல்லவா. எனக்குச் சாண் வேறு, முழம் வேறு.

அதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். சாகிற தறுவாயில் தூக்கினால் பிரயோசனமில்லை. முன்னாலேயே தூக்க வேண்டும். அதற்கு யார் சாவார்கள் என்று தெரிய வேண்டுமே. வீடு வீடாகப் போய் எந்த நாள் காய்ச்சல் ஏறியது, எந்த நாள் இறங்கியது என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டுத் தெளிந்தவர்களில் மூன்றுக்கு இரண்டு பேர் எட்டாம் நாளுக்குள் மறுபடி விழுந்து செத்தார்கள். அதனால் ஆறாம் நாளே தெளிந்த முகத்தோடு இருக்கும்போது அனுப்ப ஆரம்பித்தேன். அந்த நிலையில் தூக்குவதும் சுலபம், உட்கார்ந்து வருவார்கள்.

ராக்காயி என்று ஒருத்தி கொட்டகையிலிருந்து எழுந்து ஊருக்கே நடந்து வந்துவிட்டாள். இந்தக் காய்ச்சலோடு கடைவீதியில் நடக்கலாமா. திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே ஒரு கட்டை போட ஏற்பாடு செய்தேன். காலையில் ஒரு தடவை மலைச்சாமி திறந்து தண்ணீரும் கஞ்சியும் வைப்பான். உள்ளே கதவைத் தட்டுகிறார்கள் என்று சொன்னான். தட்டத் தெம்பிருப்பது நல்ல குறிதான் என்றேன்.

பதுருன்னிசா ஐந்தாம் வாரம் செவ்வாய்க்கிழமை படுத்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஐந்து நாள் அவள் பக்கத்திலேயே கிடந்தேன். பதிமூன்று வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். பிள்ளையில்லை என்று ஊர் வாய் என்னென்னவோ பேசியபோது என்னை ஒரு சொல் சொல்லாதவள். ஞாயிறு காலை காய்ச்சல் விட்டது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பூண்டு போட்டுக் கஞ்சி காய்ச்சித் தரச் சொன்னாள். அடுப்படிக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கஞ்சி கொதிப்பதற்குள் நாள் கணக்கு ஞாபகம் வந்தது. செவ்வாயிலிருந்து ஞாயிறு, ஆறு நாள். பதிவேட்டில் அந்த வாரம் ஒன்பது ஆகியிருந்தது. பொழுது சாய இன்னும் ஒரு பகல் கிடந்தது. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்துவிட்டு மலைச்சாமியைக் கூப்பிடப் போனேன்.

அவன் அன்றைக்குத்தான் எதிர்த்துப் பேசினான். "அந்தம்மா கஞ்சி கேட்டுச்சுங்குறீக. சாகப்போறவுக கஞ்சி கேக்க மாட்டாக ராவுத்தரய்யா." படிக்காதவன், அவனுக்குக் கோடு தெரியாது. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். வேறு யாரையோ அனுப்பிவிட்டு என் வீட்டாளை மட்டும் வைத்துக்கொண்டால் அது என்ன நியாயம் என்றும் கேட்டேன். தம்பியைக் கூப்பிட்டு டோலியை எடுத்தான். எல்லைக் கல் வரைக்கும் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அதற்கு மேல் போக முடியவில்லை, வாரக் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை வெள்ளனே மேலதிகாரிகளுக்கு வாரத் தந்தி கொடுத்தேன், ஒன்பது என்று. புது வாரம் பிறந்துவிட்டது, இனி ஒன்பது பேருக்கு இடம் இருக்கிறது. அவளைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று நானே போய்க் கட்டையை எடுத்தேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். திறந்ததும் என் மேல் சரிந்தாள். உடம்பு விறைத்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியபோது, தங்கச்சி எப்ப மவுத்தானாள் என்று கிபாயத்துல்லா மச்சான் கேட்டார். எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருந்து கலிமா சொல்லிக்கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் எழுதாத சாவு அது. அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவருக்காகவும்தான் இவ்வளவும் செய்தேன் என்று யாராவது அவரிடம் சொன்னால் நல்லது.

ரோடு ஒரு நாளும் அடைபடவில்லை. மேல்மலைக்கு அரிசி போனது, பட்டினியில் ஒரு குழந்தை சாகவில்லை. அரிசியோடு காய்ச்சலும் போனது என்கிறீர்கள். கவுஞ்சியில் மலைச்சாமியின் பெண்டாட்டி இருளாயி செத்துப்போனாள், அவன் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டியது அதற்குப் பிறகுதான். அங்கே மொத்தம் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிராமங்களின் மாதக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கொட்டகைக்கு நான் அனுப்பியவர்கள் பதினேழு பேர். நடந்து வெளியே வந்தவர்கள் நான்கு பேர். மூன்றுக்கு ஒருவர் பிழைப்பார் என்ற கணக்கில் ஆறு பேர் வந்திருக்க வேண்டும். மழையிலும் குளிரிலும் கொண்டுபோய் ஜன்னலில்லாத இடத்தில் அடைத்ததால் இரண்டு பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பேரை நான்தான் கொன்றேன், ஒப்புக்கொள்கிறேன். அதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேரில் உன் மனைவியும் ஒருத்தியா என்று கேட்கிறீர்கள். கோட்டில் பெயர் தெரியாது, ஐயா. நானும் ராப்பகலாக அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். பத்து நடந்திருந்தாலும் ஒன்பது என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் ஒருவரையும் தூக்கியிருக்க வேண்டாமே, பதிவேடு உன் கையில்தானே இருந்தது என்று. இதை என்னிடம் முதலில் கேட்டது நீங்கள் இல்லை. டோலியில் ஏற்றியபோது பதுருன்னிசா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, நான் மவுத்தாயிட்டா என்னைய எழுதாம விட்டுருங்களேன். ஒம்போதுன்னே இருக்கட்டும். நான் வீட்டுலயே கெடக்குறேங்க."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் நான் ஒரு பொய் எழுதியதில்லை, ஐயா. அவளுக்காக ஒன்று எழுத எனக்கு மனசு வரவில்லை.