கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்

அன்றைக்குக் கொட்டகைப் பக்கம் இருந்தவர்கள்: நான், ஸ்டீபன், டிராக்டர், இரண்டு டீசல் டிரம். என் அக்கா ஜோதிலட்சுமி ஊரில் இல்லை. பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஸ்டீபனின் மனைவி ஏஞ்சல் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டாள். யார் யார் இருந்தார்கள் என்று நீங்கள் முதலில் கேட்டீர்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், சார்.

எங்கள் டிராக்டரின் டேங்க் அறுபது லிட்டர். மூடி வரைக்கும் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் ஊற்றக் கூடாது. கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் காலியாக விட வேண்டும். நம் பக்கத்து வெயிலுக்கு டீசல் சூடேறி மேலே வரும். இடம் விடாவிட்டால் மூடியைச் சுற்றிக் கசிந்து, தூசி படிந்து, டேங்க் முழுக்கக் கறுப்பாகிவிடும். ஸ்டீபன் எங்களிடம் டிரைவராக வந்த புதிதில் இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அவன் ஒரு நாளும் தவறியதில்லை. இரண்டு விரலைக் கழுத்துக்குள் விட்டு அளந்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவான். அந்த விஷயத்தில் அவன்மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது.

டீசலை ஏன் கொட்டகையில் வைத்திருந்தேன் என்றால், அறுவடை நேரத்தில் கவரைப்பேட்டை பங்க்குக்குப் போய் லாரிகளுக்குப் பின்னால் நிற்க முடியாது. ஒரு மழை வந்தால் கதிர் சாய்ந்துவிடும். அதனால் என் அப்பா காலத்திலிருந்தே இரண்டு டிரம் வாங்கி வைப்போம். கொட்டகை போர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவரும் தகரம், கூரையும் தகரம். கதவு இரும்பு. நிலத்தைப் பிரித்தபோது என் பங்குக்கு வந்ததில் கடைசியாக மிஞ்சியது அந்த டிராக்டரும் மூன்று ஏக்கரும். கெட்ட டீசல் போய் அதன் பம்ப் அடைத்துக்கொண்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிலத்தைப் பார்க்க வருவதற்கு முன்னால் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பியாலையில் நைட் ஷிப்டு பார்த்தேன். கம்பெனி ஜெனரேட்டருக்கு டீசல் டேங்க் இருந்தது. குச்சியை விட்டு அளவு பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு விடியற்காலை அளவு குறைந்திருந்தது. கேட்டில் என்னை நிறுத்தினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து செக்யூரிட்டி மோந்து பார்த்தான். சாம்பார் வாசனைதான் வந்திருக்கும். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தொள்சி, ஆளு பொய் சொல்லுவான். குச்சி பொய் சொல்லாது.”

நான் எடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. குச்சி குறைவாகக் காட்டினால் யாரோ எடுத்திருக்கிறார்கள். அது நான் இல்லை, அவ்வளவுதான். அன்றோடு வேலையை விட்டேன். தூக்கம் மட்டும் திரும்ப வரவில்லை. இரவிலும் வருவதில்லை, பகலிலும் வருவதில்லை.

இந்த வருஷம் நவரைப் பட்டத்து நெல் அறுவடை முடிந்ததும் டிராக்டருக்கு வேலை இல்லை. ஒரு டிரம் காலி, இன்னொன்று நிறைய இருந்தது. சும்மா இருக்கிறோமே என்று ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, கத்தியால் கோடு போட்டு, டிரம்முக்குள் விட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். சாயங்காலம் பூட்டும்போது ஒரு தடவை. காலையில் திறக்கும்போது ஒரு தடவை.

காலையில் குறைந்திருந்தது. அதிகமில்லை, ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் குறைந்திருந்தது.

அன்று சாயங்காலம் பழைய கோட்டுக்கே வந்துவிட்டது. அடுத்த காலை மறுபடி குறைவு. உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி எடுக்கிறவன் பகலில் வேறு எதையோ ஊற்றி அளவைச் சரிசெய்கிறான் என்று புரிந்துகொண்டேன். தண்ணீரா என்று பார்க்க ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன். அடியில் எதுவும் தங்கவில்லை. தண்ணீர் இல்லை என்றால் மண்ணெண்ணெய். திருட்டைவிட அது மோசம். சாவி இருக்கிற இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், அக்கா, ஸ்டீபன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா, அந்தப் புள்ள ஒரு டம்ளர் மோரு குட்த்தாக்கூட கேட்டுட்டுத்தான் குடிக்கும். அது டீசலத் திருடுமா? நீ மொதல்ல ஒரு நல்ல டாக்டரப் பாத்துத் தூங்குற வழியப் பாரு.”

அக்காவுக்கு அவனைப் பிடிக்கும். அவன் வந்தால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவன் அப்பா யேசுதாஸ் எங்கள் நிலத்தில் கூலிக்கு இருந்தவர். அந்தப் பழைய கணக்கெல்லாம் ஸ்டீபன் மனதில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். கொட்டகை வாசலில் நின்ற டிராக்டரின் பேட்டரியைப் பார்த்துவிட்டு, போனை அதன் டூல் பாக்ஸ் மேல் வைத்தான். நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். உள்ளே போய்க் குச்சியைப் பார் என்றேன். பார்த்தான்.

“எறங்கிகீதுணா.”

“எப்டிடா எறங்கும்?”

சிரித்தான். “டிரம்மும் மனுஷன் மாதிரிதாண்ணா. பகல்ல மூச்ச இழுத்துக்கினு வயித்த ஏத்திக்குது. ராத்திரி மூச்ச வுட்டுட்டுப் படுத்துக்குது. நீதாண்ணா தூங்காத அதப் பாத்துக்கினு கீற.”

கிண்டல். நான் தூங்காததை வைத்து ஊரில் எல்லோரும் பேசுவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. அதற்காக நான் எதுவும் செய்யவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியது ஓர் உண்மை. என்னைக் கேட்டில் சட்டையைக் கழற்றி நிற்க வைத்தார்களே, அப்படி நான் அவனை அவமானப்படுத்தவில்லை. அவன்மேல் கை வைக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினேன். வெளியிலிருந்து சொன்னேன்: “எடுத்தத எடுத்தேன்னு சொல்லு, தொறக்கிறேன்.”

முதலில் விளையாட்டு என்று நினைத்தான். “அண்ணா, உள்ள அடுப்பு மாதிரி கீது. சட்னி ஆய்டுவேன்” என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினான். கத்திரி வெயில். தகரம் சூட்டில் அங்கங்கே டக், டக்கென்று விரிந்துகொண்டிருந்தது. எது தகரம், எது அவன் தட்டுவது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் ஒப்புக்கொண்டான்.

“ஆமாணா. நாந்தான் எட்த்தேன். தொறணா.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் ஓர் ஒப்புதலைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ள முடியாது. நீங்களும் சரிபார்ப்பீர்கள்.

“எதுல எட்த்த?”

“வெள்ள கேன்லணா.”

எங்களிடம் வெள்ளை கேன் கிடையாது. நீலம்தான்.

“யார்கிட்ட வித்த?”

“லாரிக்காரன்கிட்ட.” உடனே மாற்றி, “இல்ல, பங்க்குலயே” என்றான்.

பங்க்கில் யாராவது டீசலைத் திருப்பி வாங்குவார்களா? பொய். பொய் சொல்லி வெளியே வரப் பார்க்கிறான். சாவியைப் பாக்கெட்டில் போட்டேன்.

சாயங்காலம் அவன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சார்ஜ் குறைவாக இருந்தது. சார்ஜில் போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கெட்ட எண்ணம் இருப்பவன் அதைச் செய்யமாட்டான்.

இருட்டுவதற்குள் ஏஞ்சல் வந்தாள். கம்பெனி யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. கொட்டகை வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி. அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணா, அவுரு ஊட்டுக்கே வர்ல. எங்கணா போனாரு?”

“காலைல வந்தான்” என்றேன். அது உண்மை.

“உள்ள அடிக்கிறது அவுரு போனுதான?”

“வெச்சிட்டுப் போய்ட்டான்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “போனு வுட்டுட்டு அவுரு எங்கியும் போமாட்டாரே” என்றாள். குடிக்கிறான் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். கொட்டகையில் இருக்கிறானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மோட்டார் ஏன் ஓடியது என்று கேட்டீர்கள். வயலில் பயிர் இல்லை என்பது சரிதான். கொட்டகைச் சுவரை ஒட்டித்தான் தொட்டி. தண்ணீர் விழுகிற சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும். தாகம் எடுத்தால் மனுஷனுக்கு உண்மை சொல்லத் தோன்றும் என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு அவன் சத்தம் கேட்காமல் இருக்க மோட்டார் போட்டேன் என்று யாராவது சொன்னால் அது தவறு.

சனிக்கிழமை பகல் முழுக்க நான் கதவுப் பக்கத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை. அவன் குரல் மாறிவிட்டிருந்தது. ஒரு தடவை கதவின் அடிப் பக்கத்திலிருந்து பேசினான். படுத்திருந்தான் போல.

“அண்ணா. நான் எப்டி எட்த்தேன்னு நீயே சொல்லுணா. அத்தயே சொல்றேன்.”

யோசித்துப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுத்து அவன் சொன்னால் அது எப்படி அவனுடைய ஒப்புதலாகும்? அதைப் பொறுமையாக அவனுக்கு விளக்கினேன். பிறகு ஏஞ்சலிடம் ஏதோ சொன்னான். அவள் அங்கே இல்லை. அவன் அப்பாவை “நைனா, நைனா” என்று கூப்பிட்டான். வெயில் சாய்ந்தபோது சத்தம் நின்றது. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தேன். டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றித் தலைமேல் போட்டிருந்தான். தொட்டுப் பார்த்தேன். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: தொடுவதற்கு முன்னால் குச்சியைத்தான் விட்டேன். அவன் காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

குறைந்திருந்தது. முன்பு குறைந்த அதே அளவு.

இரண்டு ராத்திரி அவன் பூட்டின கொட்டகைக்குள் இருந்திருக்கிறான். எடுத்திருந்தாலும் வெளியே கொண்டுபோக வழி இல்லை. குச்சி பொய் சொல்லாது. அதனால் வேறு யாரோ.

நேற்று உங்கள் எஸ்.ஐ. கேட்டார்: டேங்கில் சூட்டுக்கு இரண்டு விரல் இடம் விடுகிறாயே, டிரம்மும் பகலில் ஏறி ராத்திரி இறங்காதா என்று. படித்தவர், கேட்கிறார். டேங்க் வெயிலில் நிற்கிறது. டிரம் கொட்டகைக்குள் நிழலில் இருக்கிறது. நான் வருஷக்கணக்கில் குச்சி பிடித்தவன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை கையில் இருந்தது. வீட்டில் ஆளில்லை என்று நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

“ஸ்டீபன் எங்கடா? கவரப்பேட்ட ஸ்டாப்புல ஏஞ்சல் அழுதுகினு நிக்குது. போலீசுக்குப் போறேன்னுது.”

“உள்ள கீறான்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். “ஐயோ, இன்னாடா பண்ண” என்ற குரல் கேட்டது. அவனைத் தூக்க முயன்றாள் போல. டிரம் ஒரு தரம் ஆடித் தரையில் உரசியது. டீசல் சிந்துமே என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏஞ்சலோடு நீங்கள் வந்து பூட்டை உடைத்தபோது வெயில் ஏறியிருந்தது. அக்கா உயிரோடு இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசுவதில்லை என்று சொன்னீர்கள். நல்லது. பேசும்போது ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

ஏனென்றால், சாவி இருக்கிற இடம் தெரிந்தவர்கள் மூன்று பேர் என்று முன்னமே சொன்னேன். ஸ்டீபன் இல்லை என்று ஆகிவிட்டது. நான் எடுக்கவில்லை. அக்கா எனக்குச் சோறு போட்டவள். அவளை நான் சந்தேகப்பட்டேன் என்று எழுதாதீர்கள். கேட்கிற வரைக்கும்தான். கதவைச் சாத்தினேன். பூட்டினேன். பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று, தினமும் செய்வதுபோல, ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.