வேம்புவின் கண்ணாடி

மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குக் கடல் அவ்வளவாகப் பிடிக்காது. செருப்புக்குள் மணல் போய்விட்டால் அன்றைக்கு முழுக்க எரிச்சல்தான். எனக்குக் கோயில் குளம் போதும். அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கும். நொச்சிக்குப்பத்தில் படப்பிடிப்பு வைக்கலாம் என்று சொன்னது யார் என்று கேட்டீர்கள் அல்லவா, அதனால் சொல்கிறேன். சொன்னது நான்தான். கடலுக்கு வாடகை கிடையாது.

என் பெயர் சுந்தரராமன். வீட்டிலும் நண்பர்களுக்கும் அம்பி. 'வேம்பு வந்தார்' படத்துக்குக் கதை, வசனம், இயக்கம் எல்லாம் நான். இன்று யாரும் கூப்பிடாமல் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருப்பது படகுக்காரர் நாகராஜுக்காக. விசாரணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே நுழையும்போது எழுந்து நின்று கும்பிட்டார். கண்ணெதிரே ஒரு நடிகர் மூழ்கும்போது படகுக்காரர் அசட்டையாக நின்றார் என்று அவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அவர் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. அவராக நிற்கவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டார். அசட்டை என்ற வார்த்தையை அன்று உங்களுக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதற்கும் வருகிறேன்.

முதலில் ரங்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கன். பகலில் நந்தனத்தில் ஓர் ஆபீஸ், சாயங்காலம் நாடகம். எங்கள் குழுவில் நான் எழுதுவேன், அவன் நடிப்பான். துப்பறியும் வேம்பு நான் உண்டாக்கிய ஆள். திருடன் பக்கத்திலேயே உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பான். வேம்பு அவனிடமே பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ, கால் தடம் பாக்கணும்" என்பார். கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அது இல்லாவிட்டால் வேம்புவுக்குத் தன் மூக்கே தெரியாது. சபாக்களில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரங்கன் உடம்பால் நடிப்பவன். விழுவான், விக்குவான், மூச்சு முட்டித் திணறுவான். எது நடிப்பு, எது நிஜம் என்று பக்கத்தில் நிற்பவனுக்கே பிடிபடாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வேம்பு எந்தக் காரணத்துக்கும் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். கழற்றினால் அது வேம்பு இல்லை, ரங்கன். அவனுக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை அது தேவைப்பட்டது. தி. நகரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது அவனுக்குச் சிறுநீரகக் கல் வலி வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்தான். அதற்கும் சபையில் ஒரே சிரிப்பு. நான் உடனே திரையை இறக்கச் சொன்னேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி விசாலாக்ஷி, "நீங்க பக்கத்துல இருக்கேளோல்லியோ அம்பிண்ணா, நேக்குக் கவலையே இல்லை" என்றாள். கண்ணாடி விஷயம் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பேச்சு வரும் என்று தெரியும். நாடகம் முடிந்து ரங்கனைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நான் ஓரமாக நின்று அவன் பையை வைத்துக்கொண்டிருப்பேன். யாராவது என்னிடம் வந்து, "சார், அவர் எப்படி சார் இப்படி டக்குடக்குன்னு ஜோக் அடிக்கறார்?" என்று கேட்பார்கள். அந்த ஜோக்குக்காக நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். "அதெல்லாம் பகவான் கொடுக்கறது" என்று சொல்லிச் சிரிப்பேன். ரங்கன் வாயைத் திறந்தாலே சிரிப்பு என்று ஒரு பத்திரிகைகூட எழுதியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் வீட்டில் சாப்பிடாத நாள் எனக்குக் கிடையாது. இப்போதும் ரசத்தைக் கையில் எடுத்தால் அவன் நினைப்புதான் வருகிறது.

பிறகு வேம்புவைப் படமாக எடுத்தோம். பெரிய கம்பெனி என்று நினைக்காதீர்கள். தி. நகரில் ஒரு கார் ஷெட்தான் ஆபீஸ். வில்லனின் பங்களா, அடையாறில் என் சித்தப்பா வீடு. அவர் மத்தியானம் தூங்கும் நேரத்தில் மட்டும் சத்தம் போடக் கூடாது. சாப்பாடு விசாலாக்ஷியின் புளியோதரை, தயிர் சாதம். பிலிம் விலை உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒத்திகை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன், ஆனால் டேக் ஒன்றுதான். நான் 'கட்' சொல்லும்வரை யார் தலையும் காமிராவுக்குள் வரக் கூடாது. அது மட்டும் என் கண்டிப்பு.

படத்தின் உச்சம் கடல் காட்சி. வேம்பு மீனவர் வேஷத்தில் கட்டுமரத்தில் போகிறார், தொப்பி காற்றில் பறக்கிறது, அதைப் பிடிக்கப் போய்த் தண்ணீரில் விழுகிறார், முங்கி முங்கி எழுந்து தொப்பியைத் துரத்துகிறார். வசனமே கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். ரங்கன் வாயைத் திறக்காமலும் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று காட்ட வேண்டும். "ஒரு 'ஐயோ பெருமாளே'வாவது வெச்சுக்கறேண்டா" என்று கெஞ்சினான். ஒரு எழுத்துகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

காலை வெயிலில் எடுத்தோம். கட்டுமரத்தில் ரங்கன். கொஞ்சம் தள்ளி நாகராஜின் படகில் காமிராமேனும் நானும். துடுப்போடு நாகராஜ். ரங்கனுக்கு நீச்சல் தெரியாது. அதனால் சட்டைக்குள் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் படகில் கட்டியிருந்தோம். கண்ணாடி அலையில் போய்விடக் கூடாது என்று அதற்கும் நாடா போட்டுத் தலைக்குப் பின்னால் முடிந்திருந்தோம்.

முதல் டேக்கில் அவன் விழுந்து தத்தளித்த அழகைப் பார்த்து நாகராஜ் பதறிப்போனார். "இன்னா சார், ஆளு மெய்யாலுமே முங்கிக்கினு கீறாரு, நீங்க பாத்துக்கினே கீறீங்க!" என்று கத்திவிட்டுக் குதித்தார். ரங்கனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்து படகில் போட்டார். டேக் பாழ். ரங்கன் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே சிரித்தான். நாகராஜின் தோளில் தட்டி, "இதைவிட நேக்கு என்னய்யா அவார்டு வேணும்" என்றான். நாகராஜுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

நான் நாகராஜை வைதேன். கொஞ்சம் அதிகமாகவே வைதேன். நான் 'கட்' சொல்லாமல் என்ன ஆனாலும் படகைவிட்டு இறங்கக் கூடாது என்று சொன்னேன். "கடலம்மா மேல சத்தியம் சார், இனிமே எறங்க மாட்டேன்" என்றார். இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். மூழ்குகிறவனைக் கண்டால் குதித்துவிடும் மனுஷர் அவர். குதிக்காமல் இருக்க நான்தான் அவரைப் பழக்கினேன்.

தண்ணீருக்கு மேலே கயிறு தெரிந்ததாகக் காமிராமேன் சொன்னார். அடுத்த டேக்குக்குக் கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னேன். ரங்கன் என்னைத் தனியாகப் பார்த்து, "கயிறு இல்லாம பயமா இருக்குடா அம்பி" என்றான். "நான் இருக்கேனேடா" என்றேன். அதைச் சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

இரண்டாவது டேக்கில் தொப்பி பறந்தது, அவன் விழுந்தான். முதல் தடவையைவிட நன்றாக விழுந்தான். ஓர் அலை அவனைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டது. மேலே வந்தான், தொப்பியைத் தேடினான், திரும்ப உள்ளே போனான். அடுத்த முறை மேலே வந்தபோது தொப்பி பக்கத்திலேயே மிதந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. எங்கள் படகைத்தான் பார்த்தான்.

நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் இரண்டு கையையும் போட்டு அடிப்பான். ரங்கன் அதில் ஒரு கையை நிறுத்தினான். நாடாவைத் தலைக்கு மேலே இழுத்து, கண்ணாடியைக் கழற்றி, எனக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான்.

காமிராமேன், "பிரமாதம் சார்" என்று முணுமுணுத்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது. நாகராஜ் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்தார். "சார், இது நடிப்பு இல்ல சார். தண்ணி குடிச்சிக்கினு கீறாரு. போவட்டா?"

நான் கையை நீட்டி அவரைத் தடுத்தேன். "பொறு" என்றேன்.

"கட்டு சொல்லு சார். ஒரு வார்த்த சொல்லு சார்."

நான் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 'கட்' சொன்னால் ரங்கன் திரும்பத் தண்ணீரில் இறங்க மாட்டான், படத்துக்கு உச்சமே இருக்காது. நாகராஜ் நல்ல நீச்சல்காரர், இன்னும் கொஞ்சம் பொறுத்தால்கூட எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அந்தக் கை அந்த வெயிலில் கண்ணாடியோடு தெரிந்தது அவ்வளவு நன்றாக இருந்தது. மேலே கண்ணாடி, கீழே ஆள் இல்லை. பிறகு கண்ணாடியும் இல்லை. அதற்கப்புறம் நாகராஜ் தன் சத்தியத்தை மீறிக் குதித்தார். முங்கி முங்கித் தேடினார். தூக்கி வந்தபோது ரங்கனின் கை மூடியே இருந்தது.

கரையில் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் மெஹபூப் பாஷா பூசணிக்காயும் கற்பூரமுமாகக் காத்திருந்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவது போல் நடித்தவர், 'கட்' சொன்னதும் எழுந்து காமிராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும். வேம்பு படத்தில் சாகவில்லையே என்று நான் சொல்லியும், தண்ணீரில் மூழ்குகிற காட்சியாயிற்றே, சிரிக்க வைத்தே ஆக வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ரங்கனை மணலில் கிடத்தியதும் பாஷா பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு தபா சிரிங்க சார்" என்று அவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அன்று நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

உங்களிடம் அன்று வேறு மாதிரி சொன்னேன். ஒத்திகையின்போது நடந்தது, படம் பிடிக்கவில்லை, படகுக்காரர் அசட்டை என்றேன். நாகராஜும் மறுக்கவில்லை. "ஆமா சார், நான் நின்னுக்கினுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பெண்டாட்டி தேவானை மீன் கூடையோடு என் வீட்டு வாசலுக்கு வந்து, "கட்டுமரத்தத் தொட மாட்டேன்றாரு சார். சோறு துன்ன மாட்டேன்றாரு. உனக்குத் தெரிஞ்சத ஸ்டேஷன்ல சொல்லு சார்" என்று அழுதாள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அது தப்புதான்.

அந்தக் காட்சியைப் படத்தில் சேர்த்தேன். காமிராமேன் வேண்டாம் என்றார். "ரங்கனோட கடைசி நடிப்பைக் கொளுத்தச் சொல்றேளா?" என்று கேட்டேன். கை உள்ளே போகும் இடத்தில் வெட்டி, அடுத்த காட்சியை ஒட்டினேன். படத்தின் தொடக்கத்தில் அவன் போட்டோவுக்கு மாலை போட்டு அஞ்சலியும் வைத்தேன்.

ரிலீஸான அன்று தி. நகர் தியேட்டருக்கு விசாலாக்ஷியை நான்தான் அழைத்துப் போனேன். இன்னொரு தடவை அவரைப் பார்க்கலாமே என்று அவளும் வந்தாள். படம் முழுக்க ஜனங்கள் சிரித்தார்கள். கடல் காட்சி வந்ததும் தியேட்டரே அதிர்ந்தது. கண்ணாடியோடு அந்தக் கை மேலே வந்தபோது முன் சீட்டு ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். விசாலாக்ஷி அசையவில்லை. விளக்குப் போட்டு எல்லோரும் வெளியே போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"அம்பிண்ணா, அவர் கண்ணாடியைக் கழட்டினாரே. பாத்தேளா?"

"பாத்தேன்" என்றேன். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் படகுக்காரர் ஆத்துலயும் ஒருத்தி இருக்காளே. நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ. நான் போய்ச் சொல்லும்படி பண்ணிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஆட்டோவுக்குக்கூட என்னை வரவிடவில்லை.

அவ்வளவுதான். நாகராஜை இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ரங்கன் கண்ணாடியைக் கழற்றியதை நான் பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே தடுத்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போட்டுத் தருகிறேன்.

பொறாமை என்று மட்டும் போடாதீர்கள், மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? வேண்டுமானால் நீங்களே போய்ப் பாருங்கள், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படத்திலேயே பெரிய சிரிப்பு அந்த இடத்தில்தான். அங்கே ரங்கன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்தச் சிரிப்பு முழுக்க என்னுடையது.