கரடி விழுந்தால்

வெள்ளிமலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இளைஞன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொன்னான்:

"கரடி கீழ விழுந்தா யாரும் தூக்க மாட்டாங்கக்கா."

அவள் திரும்பினாள். "இன்னாப்பா சொல்ற?"

"சென்னைப் பக்கம் ஒரு பார்க்குல கரடி வேஷம் போடுறேன். போன வாரம் வெயில்ல ஆடிக்கினு இருக்க சொல்ல மூச்சு முட்டிச்சு. அப்டியே சாஞ்சிட்டேன்."

"அந்தத் தலைய கழட்டிப் போட வேண்டியதுதான?"

"கொக்கி பின்னாடி இருக்கு. இன்னொருத்தர்தான் அவுக்கணும். புள்ளைங்க முன்னாடி கழட்டவும் கூடாது, பேசவும் கூடாதுன்னு ரூல்ஸு."

"உசுரு போற நேரத்துல இன்னா ரூல்ஸு? கத்தியிருக்கலாமில்ல?"

"கத்துனேன்க்கா. கரடி கத்துதுன்னு கை தட்னாங்க."

பஸ் மலை ஏறத் தொடங்கியிருந்தது.

"அப்புறம் யாருதான் தூக்குனா?"

"முயல் வேஷம் போட்ட பொண்ணு. ஓடியாந்து கரடித் தலைய அவுத்துச்சு. உள்ள ஆளைப் பாத்ததும் புள்ளைங்க பயந்து அழுதுச்சுங்க. அதுக்காக அன்னிக்கே அந்தப் பொண்ண வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க."

"நீ?"

"வூட்ல தலையக் காட்டிட்டு நாளைக்குத் திரும்பணும். முயலுக்குள்ள இப்ப யாரு இருக்காங்கன்னு தெரியலக்கா."