காத்து மேல பழி

தம்பி: ...அவ்வளவுதாண்ணே. மருந்து அடிக்கும்போது காத்து திடீர்னு திரும்பிடுச்சு, தம்பி நிலத்துல பட்டுடுச்சுன்னு சொல்லு. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.

அண்ணன்: காத்து மேல பழி போட்டா, அது வந்து இல்லைன்னு சொல்லவா போகுது.

தம்பி: விளையாடாதண்ணே. இயற்கை விவசாயத் திட்டத்து ஆபீசர் கிளம்பிட்டாராம். முதல்ல உன் வீட்டுக்குத்தான் வர்றாரு.

அண்ணன்: வரட்டும். நீ செருப்பைக் கழட்டு. உங்க அண்ணி இப்பதான் துடைச்சா.

அண்ணி: துடைச்சது கண்ணுக்குத் தெரியுதே, அதுவே பெரிசு. என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

தம்பி: ஒண்ணுமில்ல அண்ணி... சாம்பிள் ரிசல்ட் வந்துடுச்சு. என் முட்டைகோஸ்ல பூச்சி மருந்து இருக்காம்.

அண்ணி: உன் கோஸ்லயா? எங்க வீட்டுக் கொசுவர்த்திக்கே மூக்கைப் பொத்துற ஆளாச்சே நீ.

தம்பி: அதான் அண்ணி... வரப்புக்கு இந்தப் பக்கம் அண்ணன் அடிச்சது...

அண்ணி: ஓ. அப்ப பழி காத்து மேல இல்ல, இவர் தலையில.

தம்பி: அப்படி இல்ல அண்ணி. பக்கத்து நிலத்துல இருந்து தெரியாம பட்டதுன்னா, இன்னும் ஒரு வருஷம் மருந்தில்லாம இருந்து காட்டுன்னு விட்டுடுவாங்க. நானே அடிச்சேன்னு எழுதிட்டா, திட்டத்துல இருந்தே தூக்கிடுவாங்க. குடுத்த மானியத்தைத் திருப்பிக் கேப்பாங்க. நிலத்தை வித்தாத்தான் உண்டு.

அண்ணி: குடுத்த மானியமா? முதல் வருஷம் குடுத்ததோட சரி. மீதி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

தம்பி: வரும்னுதான் அண்ணி நானும்... விளைச்சல் பாதியாப் போச்சு. இயற்கை விவசாயம் பண்றேன், கூட விலை குடுன்னா, வியாபாரி சர்டிபிகேட் எங்கங்கிறான். ஆபீஸ்ல சர்டிபிகேட் கேட்டா, மூணு வருஷம் முடியட்டுங்கிறான். அது வரைக்கும் எதைத் தின்கிறதுன்னு எவனும் சொல்லல.

அண்ணன்: சரிடா, விடு.

அண்ணி: எதை விடறது? அடுத்த மாசம் நீங்களும் அதே திட்டத்துல பேர் குடுக்கப் போறீங்க. பக்கத்து நிலத்தைக் கெடுத்தவன்னு எழுதிட்டா, உங்களைச் சேப்பாங்களா?

அண்ணன்: சேக்க மாட்டாங்க.

அண்ணி: தெரிஞ்சுக்கிட்டேதான் தலையை ஆட்டுறீங்களா?

அண்ணன்: அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு...

அண்ணி: நாம மட்டும் காத்தைக் குடிச்சா வாழறோம்? நம்ம கோஸைப் போய்ப் பாருங்க. இலையெல்லாம் சல்லடை. மாட்டுக்குப் போட்டா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. போன போகமும் போச்சு, இந்தப் போகமும் போச்சு.

அண்ணன்: புழு அந்த மாதிரி.

அண்ணி: புழுவைச் சொல்லாதீங்க, கடைக்காரனைச் சொல்லுங்க. வாராவாரம் டேங்கை முதுகுல மாட்டிக்கிட்டுப் போறீங்க, ஒரு புழு சாகல. போலி மருந்தைத் தலையில கட்டிட்டான், போய்க் கேளுங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? சட்டையில வாடைகூட இல்லியேன்னா, புதுசா வந்த மருந்து, வாடை வராதுங்கிறீங்க.

தம்பி: ...அண்ணே, என்ன மருந்துன்னு கேப்பாரு. நீல மூடி பாட்டில்னு சொல்லு. சாம்பிள் எடுக்கறதுக்கு முந்தின வாரம், சாயங்காலம்.

அண்ணன்: நீல மூடியா?

தம்பி: ஆமா... நீ வாங்கறதுதானே அது. மோட்டார் ரூம் பலகையில வச்சிருப்பியே.

அண்ணன்: பாத்திருக்கே.

தம்பி: மோட்டார் போட வந்தப்ப... கண்ல பட்டுச்சு.

அண்ணி: இரு, இரு. எனக்கு ஒண்ணு புரியல. எங்க பயிர்ல ஒரு புழுவைக்கூடக் கொல்லாத மருந்து, பறந்து வந்து உன் பயிரை மட்டும் எப்படிக் காப்பாத்துச்சு? நேத்து பாத்தேனே. உன் பக்கம் ஒரு இலையிலகூட ஓட்டை இல்ல.

தம்பி: என் பயிர்லயும் முதல்ல புழு வந்துச்சு அண்ணி. ஒரு நாள் காலையில இலையைத் திருப்பினா, அடியில பூரா... அன்னிக்கு எங்க வீட்ல யாரும் சாப்பிடல.

அண்ணி: அப்புறம்?

தம்பி: அப்புறம்... போயிடுச்சு.

அண்ணி: தானா?

தம்பி: வேப்பெண்ணெய்... அண்ணே, நீ சொல்லேன்.

அண்ணன்: தண்ணி குடிக்கிறியாடா?

தம்பி: வேண்டாம்ணே.

அண்ணி: வண்டிச் சத்தம் கேக்குது.

தம்பி: அண்ணே... சொல்லிடுவேல்ல?

அண்ணன்: சொல்லிடறேன்டா. காத்து திரும்பிடுச்சு. நீல மூடி பாட்டில். சாயங்காலம். சரியா இருக்கா?

தம்பி: சரியா இருக்கு.

அண்ணி: என்னமோ பண்ணுங்க. நாளைக்கு நம்ம நிலத்தையும் வித்துட்டு, ரெண்டு குடும்பமும் சேந்து ஊரை விட்டுப் போவோம்.

தம்பி: கோவிச்சுக்காதீங்க அண்ணி... யோசிச்சுப் பாத்தா, இது முழுப் பொய்யும் இல்லண்ணே. இத்தனை நாள் வரப்பு ஓரமா அடிச்சிருக்கே, உன் மருந்தும் கொஞ்சமாவது என் பக்கம் பட்டுத்தானே இருக்கும்?

அண்ணன்: பட்டிருக்காதுடா. ரெண்டு போகமா என் டேங்க்ல இருந்தது வெறும் தண்ணி. உன் நிலத்துல ஒரு சொட்டும் பட்டுடக் கூடாதுன்னு... சொன்னா உங்க அண்ணி விட மாட்டான்னு பாட்டில் மட்டும் வாங்கி வச்சேன். எல்லாம் மூடி திறக்காம பலகையிலயே இருக்கு, காணாமப் போன ஒண்ணைத் தவிர. போ, போய்க் கேட்டைத் திற. ஆபீசர் நிக்கிறாரு.