கால் குறைத்த பெஞ்சுகளும் கனம் மாசிலாமணி ஐயரும்

மந்தையின் மனமறிந்த மேய்ப்பரே! பிரிக்பீல்ட்ஸின் ரயில் புகைக்கும் எங்கள் மனப் புகைச்சலுக்கும் நடுவே இருபது ஆண்டு பொறுமை காத்த பெரியவரே! கனம் மாசிலாமணி ஐயரவர்களே!

போதகப் பணியிலிருந்து ஓய்வுபெறும் தங்களை மாலை சூட்டிப் புகழவே கூடினோம். ஆனால் தங்கள் முகத்தில் தெரியும் களைப்பில் பாதி எங்களால் வந்தது. அதனால் புகழுக்கு முன் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம்.

தாங்கள் வந்த நாளில் சபையார் பாயில் அமர்ந்தே ஆராதித்தார்கள். பிறகு ஆபீஸ் உத்தியோகத்தர் பெஞ்சு கேட்டார்கள்.

"பாயில உக்காந்தா கால்சட்டை மடிப்பு கலையுது, ஐயரே. பக்கத்து ஊரு கிளாங் கோயில்ல பெஞ்சு போட்டுட்டாங்க" என்றார் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பாக்கியநாதன்.

"அவரு மடிப்புக்காக நாங்க பாயைச் சுருட்டணுமா? காலைத் தொங்கப்போட்டு உக்காந்தா அது ஜெபமா, ரயிலுக்குக் காத்திருக்கிறதா?" என்றார் ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்து வீரம்மாள்.

ஒரு பக்கம் பெஞ்சு வந்தது. மறுபக்கம் பாய் நின்றது. இரு பக்கத்தாரும் பேச்சை நிறுத்தினார்கள். கிராணிமார் தனிச்சபை தொடங்க வீடு தேடினார்கள்.

தாங்கள் யாரையும் கண்டிக்கவில்லை. ஆளில்லாத கோயிலில் பாயில் அமர்ந்து பெஞ்சைப் பார்த்தீர்கள். பெஞ்சில் அமர்ந்து பாயைப் பார்த்தீர்கள். பெருக்க வந்த வீரம்மாள், "என்ன ஐயரே, ரெண்டு கட்சிக்கும் நீங்களே ஆளா?" என்று கேட்டார்.

"பாயில இருந்தா அவுங்க முழங்கால்தான் தெரியுது, வீரம்மா. முழங்காலைப் பாத்து யாரு ஸ்தோத்திரம் சொல்றது? பெஞ்சுல இருந்தா உங்க உச்சந்தலைதான் தெரியுது. பாவம், யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல."

மறுநாளே சீனத் தச்சரை அழைத்துப் பெஞ்சுக் கால்களை ஒரு சாணாக அறுத்து, அவற்றின்மேல் பாயை விரித்துவிட்டீர்கள்! அப்பப்பா, என்ன கூச்சல்! "குட்டை பெஞ்சுக்காரங்க" என்று கிளாங் சபையார் சிரித்தார்கள். கிராணியாருக்கு முழங்கால் மோவாயில் இடித்தது. வீரம்மாளுக்குக் கால் மரத்தது. இருவரும் சேர்ந்து தங்களைக் குறைகூறினார்கள். சேர்ந்து குறைகூற, முதலில் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருந்தது. யாரும் பிரிந்து போகவில்லை.

பழமையும் புதுமையும் மோதினால் தீர்ப்புச் சொல்ல நியாயம் போதும். இரண்டையும் ஒரு கூரைக்கீழ் வைத்திருக்க, அடுத்தவர் இடத்தில் மனத்தால் போய் அமரும் கற்பனை வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படி மாறிமாறி அமர்பவருக்கு முதுகு வலிக்கும் என்பது இன்றுதான் எங்களுக்கு உறைக்கிறது.

தாங்கள் மூட்டை கட்டுமுன்பே கமிட்டியில் பழைய சண்டை எழுந்தது. கால்களை உயர்த்துவோம் என்றது ஒரு கட்சி. பெஞ்சே வேண்டாம் என்றது மறுகட்சி. பேசிப் பேசி எல்லாரும் ஓய்ந்தபின், கிராணியார் தம் நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் அமர்ந்தார். வீரம்மாளை அந்த நாற்காலியில் அமரச் சொன்னார். வீரம்மாளுக்கு அவர் உச்சந்தலை தெரிந்தது; அவருக்கு வீரம்மாளின் முழங்கால் தெரிந்தது.

"குட்டை பெஞ்சு அப்படியே இருக்கட்டும், கிராணியாரே" என்றார் வீரம்மாள்.

ஐயரவர்களே! பெஞ்சுகள் அப்படியே இருக்கும். தங்களுக்கு எங்கள் அன்பளிப்பு ஒரு சாய்வு நாற்காலி. அதன் கால்களைத் தயவுசெய்து அறுக்காதீர்கள். கர்த்தர் தரும் நீண்ட ஆயுளில், நல்ல சுகத்தோடு, எங்களைச் சில காலமாவது மறந்து காலை நீட்டி இளைப்பாறுங்கள்!

இங்ஙனம்,
ஒரே உயரத்தில் அமர்ந்து கையொப்பமிடும்
பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபையார்
கோலாலம்பூர், 1934