கையெழுத்துப் போடாத டிக்கெட் அக்காவுக்கு, போட்டுவிட்ட நாங்கள்

மணிக்கட்டு வரை மட்டும் ஊருக்குக் காட்டி, மனம் முழுவதையும் வேலைக்குக் காட்டிய எங்கள் டிக்கெட் அக்கா அவர்களே,

சுவரில் ஒரு துளை, துளைக்குப் பின்னே ஒரு நாற்காலி, நாற்காலிக்கு மேலே நினைத்தால் சுழலும் ஒரு மின்விசிறி என்று முப்பத்தாறு ஆண்டுகளை முகம் சுளிக்காமல் கடந்த மூத்த பணியாளரே, சீட்டுக் கிழிப்பதில் சிக்கனமும் சொல் உதிர்ப்பதில் அதைவிடச் சிக்கனமும் காத்த செம்மையே, சில்லறை இல்லாமல் வந்தவர் எவரையும் சினந்து நோக்காத சாந்தமே, வணக்கம்.

கடைசி அடைமொழி பொய் என்பது இங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெரிய நோட்டை நீட்டியவர்களை நீங்கள் பார்த்த பார்வை துளைவழியே வெளியே வந்திருந்தால் வரிசையே கலைந்திருக்கும். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த அரங்குக்கு நோட்டீஸ் எழுதி, போஸ்டர் ஒட்டிய கை இதை எழுதுகிறது. இரண்டாம் நாளே படுத்துவிட்ட படத்துக்கும் ‘வெற்றிநடை’ என்று எழுதிப் பழகியதால் அடைமொழி தானாக வந்து விழுகிறது. எழுதியவன் போஸ்டர்காரனாகிய நான், வாசிப்பவர் மேனேஜர். முன்கூட்டியே அவரிடம் காட்டவில்லை. எங்கேயாவது அவர் தடுமாறினால், நிறுத்தாமல் மேலே வாசிக்கும்படி இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா, இன்று மாலைக் காட்சியோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். இன்று மாலைக் காட்சியோடு இந்த அரங்கமும் மூடப்படுகிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறோம். அது என் கைவேலை. உண்மை என்னவென்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், பூங்கொத்தை மட்டும் அனுப்பிவிட்டு வராமல் இருந்துகொண்ட சின்ன முதலாளிக்கும் தெரியும்.

வாழ்ந்த காலத்தை முதலில் சொல்ல வேண்டும் அல்லவா? நாற்பத்தொரு பேர் சம்பளம் வாங்கிய அரங்கம் இது. ‘அரங்கு நிறைந்தது’ பலகையைத் தினமும் தூக்கி மாட்டச் சலித்து, வாசல் காவலர் அதை ஆணியடித்தே வைத்துவிட்ட காலம் உண்டு. காலைக் காட்சிக்கு நின்றவர்களில் பாதிப் பேர் மாலைக் காட்சிக்குத்தான் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் உங்கள் முகம் தெரியாது. காய்கறிக் கடையில் உங்களை இடித்துக்கொண்டு நின்ற ஒருவர், நீங்கள் “எத்தனை?” என்று கேட்ட குரலில் திடுக்கிட்டு, “ரெண்டு பால்கனி” என்று சொன்ன கதையை நாங்கள் பத்து வருடம் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது, பெட்டிக்குள் போடும் தட்டு வந்தது, கடைசியில் உள்ளங்கைக்குள்ளேயே படம் வந்தது. கூரை ஒழுகிய வரிசைகளைக் கயிறு கட்டி ஒதுக்கினோம். பால்கனியை மெத்தைக் கடைக்காரர் சரக்கு வைக்க வாடகைக்கு எடுத்தார். பல நாட்களில் கீழே உட்கார்ந்திருந்த ஆட்களைவிட மேலே அடுக்கியிருந்த மெத்தைகளே அதிகம். பகல் காட்சிக்கு ஏழு பேர் வந்தால், மூன்று பேர் தூங்க வந்தவர்களாக இருந்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் அரங்கம் இறந்தால்தான் பொன் என்று ஆகிவிட்டது. நிலத்தின் விலை அப்படி ஏறிவிட்டது.

நிரந்தரப் பணியாளர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அரங்கை மூடக்கூடாது என்று பெரிய முதலாளி எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நான்கு வருடங்களுக்கு முன் சின்ன முதலாளி அந்தக் காகிதத்தோடு வந்தார். அப்போது நாம் ஏழு பேர் மிஞ்சியிருந்தோம். வரப்போகும் வணிக வளாகத்தில் ஆளுக்கொரு வேலை என்று வாய்நிறையச் சொன்னார். மேனேஜர் போட்டார், ஆபரேட்டர் போட்டார், வாசல் காவலர் போட்டார், கேன்டீன்காரர் போட்டார், நான் போட்டேன். பெருக்கும் அம்மா கட்டைவிரலை வைத்தார். நீங்கள் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் துளைவழியாகவே திருப்பிக் கொடுத்தீர்கள்.

ஊரோடு ஒத்துப் போகும்படி மேனேஜர் உங்களிடம் எவ்வளவோ மன்றாடினார். நீங்கள் சொன்ன பதில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். “மூடணும்னா மூடிக்கட்டும். நான் சரின்னு சொல்லி மூடினதா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு நாங்கள் உங்களுக்குச் செய்தவற்றைப் பாராட்டு மடலில் எழுதும் வழக்கம் இல்லை. எழுதாமல் விட்டால் இது பாராட்டாகவும் இருக்காது. எட்டு மாதம் உங்களோடு யாரும் பேசவில்லை. நாலு மணித் தேநீர் ஆறு குவளைதான் வந்தது. கேன்டீன்காரர் உங்கள் கதவைத் தாண்டிப் போகும்போது தட்டை மறுபக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவார். ஒருநாள் காலையில் நீங்கள் வந்தபோது சீட்டுத் துளை இருந்த இடத்தில் ஒரு கதாநாயகனின் மார்பு இருந்தது. மூன்று அடுக்குப் போஸ்டர். முதல் காட்சிக்கு வந்த நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்க, அரைமணி நேரம் நீங்கள் வீட்டுச் சாவியால் சுரண்டிச் சுரண்டித் துளையைத் திறந்தீர்கள். செய்தவன் நான். அதைவிடக் கேவலமாக வேறொன்றும் நான் வாழ்நாளில் செய்ததில்லை.

யார் என்று நீங்கள் கேட்கவில்லை. அன்று மாலை வாளியோடு நான் கடந்து போனபோது மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. “பசை கட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.” அந்த ஒரு வரியை எந்த வசவோடும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றுதான் எழுத நினைத்தேன். நிஜத்தில், வைதிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

உங்களை வெறுத்த அந்த மாதங்களிலும் நாங்கள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தோம், சம்பளம் வாங்கினோம். மேனேஜரின் மகளுக்கு அந்தச் சம்பளத்தில்தான் திருமணம் ஆயிற்று. ஆபரேட்டரின் மூட்டுக்கு அதில்தான் வைத்தியம் நடந்தது. நான்கு வருடச் சோறு உங்கள் பிடிவாதம் போட்ட சோறு. வயிறார உண்டுகொண்டே வாயார உங்களைத் திட்டினோம். ஒற்றைக்காலில் நின்றது நீங்கள், உட்கார்ந்து சாப்பிட்டது நாங்கள்.

உங்கள் ஓய்வு நாள் நெருங்கியதும், போன மாதம் அறுவரும் சின்ன முதலாளியிடம் போனோம். எங்கள் கையெழுத்தைத் திருப்பித் தரும்படி கேட்டோம். “அது என்ன மழைக்கு இரவல் குடுத்த குடையா, திருப்பிக் கேக்க?” என்றார். வளாகத்து வேலையைப் பற்றிக் கேட்டோம். “அது அப்ப சொன்னது” என்றார். ஏழில் ஆறு அவர் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் ஓய்வு பெற்றதும் ஏழாவது தேவையே இல்லை. படியிறங்கி வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

இந்த மடலில் என்ன எழுதலாம் என்று போன வாரம் ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து பேசினோம். பெருக்கும் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னே தெரியாமத்தான் நான் விரலை வச்சேன், அதையும் எழுதுங்க” என்றார்.

“தெரிஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டியா?” என்று ஆபரேட்டர் கேட்டார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “வச்சிருப்பேன்” என்றார் அந்த அம்மா. “அதையும் எழுதிடுங்க.”

எழுதிவிட்டேன், அக்கா.

அடைமொழி பல அடுக்கத் தெரிந்தவனுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை. ஆதலால் வாழ்த்துக்கு வருகிறேன். கூப்பிட்டவுடன் கேட்கும் காதும், குனிந்தால் நிமிரும் இடுப்பும், கேட்காமலே தேநீர் வைக்கும் மருமகளும் வாய்க்கப் பெற்று நூறாண்டு வாழ்வீராக. துளைவழியே பார்த்த உலகத்தை இனித் தெருவில் இறங்கி, முகம் தெரிய, முழு ஆளாய்ப் பார்ப்பீராக. இந்த மடலைப் போட்டுத் தரும் கண்ணாடிச் சட்டத்தை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவதும், பரண்மேல் போடுவதும் உங்கள் விருப்பம்.

இன்னும் ஒன்று பாக்கி. நிறுத்தாமல் வாசியுங்கள், மேனேஜர்.

திங்கட்கிழமை காலையில் இடிக்கத் தொடங்குகிறார்கள். தெருப்பக்கச் சுவரிலிருந்து ஆரம்பம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். தெருவை ஒட்டி முதலில் இருப்பது உங்கள் அறை. கூலிக்கு ஆள் வேண்டும், இடம் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது என்று எங்களையே கேட்டார். மேனேஜருக்கு வரும் லாரிகளை எழுதி வைக்கும் வேலை. ஆபரேட்டர் மூட்டு வலிக்காரர் என்பதால் கீழேயே நின்று கம்பி பொறுக்குவார். கடப்பாரை எனக்கும் வாசல் காவலருக்கும். கல் சுமப்பது கேன்டீன்காரரும் பெருக்கும் அம்மாவும். ஆறு பேரும் சரி என்று சொல்லிவிட்டோம். இந்தத் தடவை யோசிக்க ஒருநாள் கேட்டோம். வேறு வழி ஒன்றும் தெரியவில்லை.

நீங்கள் காலையில் கடைத்தெருவுக்கு இந்த வழியாகத்தான் போவீர்கள். ஒரு பத்து நாளைக்கு மட்டும் பின்தெரு வழியாகச் சுற்றிப் போங்கள், அக்கா. எங்களை அங்கே பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தேநீரைத் தாங்களே குடித்துக்கொண்ட
அரங்கப் பணியாளர் அறுவர்
(ஐந்து கையெழுத்து, ஒரு கைநாட்டு)